கால் தரையிலயா?

ஜனவரி 4, ஞாயிறு

என் பெயர் மாசானமுத்து.

ஜனவரி 5

மேலே உள்ள ஒரு வரியை எழுத நேற்று கால் மணி நேரம் ஆனது. 'மு' வயிற்று வலி வந்து படுத்துக் கிடப்பது போல இருக்கிறது.

ஜனவரி 6

இடது கை வலிக்கிறது. இல்லாத கைதான் வலிக்கும் என்று பார்த்தால் இருக்கிற கையும் வலிக்கிறது. போதும்.

ஜனவரி 9, வெள்ளி

கை கொஞ்சம் பழகியிருக்கிறது. இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒரு ஒழுங்குக்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

வயது நாற்பத்து நான்கு. மின்சார ஆபீசில் லைன்மேன். லைன்மேனாக இருந்தேன் என்று எழுத வேண்டுமோ என்னவோ. ஆர்டர் எதுவும் வரவில்லை, அதனால் இருக்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். போன அக்டோபர் பதினேழாம் தேதி கம்பத்தில் ஷாக் அடித்தது. வலது கை வழியே வந்து இடது கால் வழியே போயிற்று. கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். காலில் கடைசி இரண்டு விரல்கள் போயின. இரண்டு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் வீட்டுக்கு வந்தேன்.

பிசியோ பொண்ணு நஸ்ரின்தான் எழுதச் சொன்னாள். "அண்ணாச்சி, தினம் ஒரு பக்கம். என்ன எழுதினாலும் சரி, திட்டி எழுதினாலும் சரி" என்றாள். என் மகள் அபிநயா நாலு கோடு நோட்டு ஒன்று கொடுத்து அதில் அ, ஆ எழுத வைக்கிறாள். சிவப்புப் பேனாவால் திருத்தி மார்க்கும் போடுகிறாள். நேற்றுப் பத்துக்கு மூன்று. "எப்பா, 'ழ' வ இப்படிப் போட்டா எங்க மிஸ் முட்டி போட வைப்பாங்க" என்கிறாள். ஏழாம் வகுப்பு படிக்கிறவளுக்கு இருக்கிற வாயைப் பாருங்கள்.

அந்த நோட்டு அவளுக்கு. இந்த டைரி எனக்கு. உரக்கடையில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சி மருந்தின் பெயர் போட்டிருக்கிறது.

எப்படி நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பதினோராயிரம் வோல்ட் கம்பியில் கை வைக்கும் முன்னால் சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டு லைன் கிளியர் வாங்க வேண்டும். எல்சி என்போம். அங்கே இருக்கிற ஆபரேட்டர் கரண்டை நிறுத்தி ஒரு நம்பர் கொடுப்பார். வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, எல்சி எடுத்தவனேதான் தன் வாயால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யார் சொன்னாலும், பெரிய இன்ஜினியரே சொன்னாலும், ஆபரேட்டர் கரண்டை விடக் கூடாது.

அன்று பனையடிக்குளம் ஃபீடரில், அதாவது அந்த ஊருக்குக் கரண்டு போகிற லைனில், நான் எல்சியைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே ஆபரேட்டர் கரண்டை விட்டுவிட்டார். இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று சொல்லத்தான் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலம் இதுதான். இங்கும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 15, பொங்கல்

கோயிலுக்குப் போனோம். பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தார். கையை நீட்டினேன். அவர் சும்மா நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எரிச்சல் வந்தது. பிறகுதான் புரிந்தது, நான் நீட்டியது இல்லாத கையை. இடது கையை நீட்டலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவரே நெற்றியில் பூசிவிட்டார். நல்ல மனுஷன்தான். இருந்தாலும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

வீட்டில் என் மனைவி பிரமு பொங்கலைப் பிசைந்து ஊட்ட வந்தாள். ஸ்பூன் போதும் என்று கத்திவிட்டேன். பண்டிகை நாளும் அதுவுமாக அவளை அழ வைத்தாயிற்று. சண்டாளப் பயல் நான்.

ஜனவரி 20

ஒற்றைக் கையால் சாரம் கட்டினேன், லுங்கியைத்தான். பல்லால் ஒரு முனையைக் கடித்து, சுவரில் இடுப்பைச் சாய்த்து, சுருட்டிச் செருக வேண்டும். மூன்று தடவை அவிழ்ந்தது. நாலாவது தடவை நின்றது. தெருமுனை வரை நடந்து போய்விட்டு வந்தேன், மானம் போகாமல்.

ஜனவரி 24

சாயங்காலம் ஆறரை மணிக்குத் தெருவில் கரண்டு போயிற்று. டிரான்ஸ்பார்மரில் 'டப்' என்று சத்தம். ஃபியூஸ்தான். சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை ஓடிவிட்டேன். வாசலில்தான் நினைவு வந்தது.

எதிர்வீட்டு வாத்தியார் மாடியிலிருந்து யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "மாசானம் மட்டும் நல்லாருந்தா இந்நேரம் லைட்டு எரிஞ்சிருக்கும். அஞ்சு நிமிசம் போதும் அவனுக்கு." நான் கீழே நிற்பது அவருக்குத் தெரியாது. கரண்டு வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

'அஞ்சு நிமிச மாசானம்' என்றுதான் ஊரில் பெயர். ஹாலில் ஒரு போட்டோ இருக்கிறது. புயல் அடித்த வருஷம் ஒரே நாளில் ஊர் முழுக்கக் கரண்டு கொடுத்ததற்கு மாலை போட்டு எடுத்தது. அதில் இருக்கிறவன் வலது கையில் பிளையரோடு சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவனைப் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. சாப்பிடும்போது அவன் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மற்றவர்கள் அரை மணி நேரம் எடுக்கிற வேலையை அவன் எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிப்பான் என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு ஒரு வழி இருந்தது. அதை இங்கே எழுதத் தேவையில்லை.

ஜனவரி 28

நஸ்ரின் ஒரு பெட்டி கொண்டு வந்தாள். பெட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி. இடது கையை அதன் முன்னால் வைத்தால், கண்ணாடியில் அது வலது கையாகத் தெரிகிறது. எவ்வளவு நாளாயிற்று அதைப் பார்த்து!

என் பிரச்சினை இதுதான்: இல்லாத அந்தக் கை எப்போதும் இறுக்கி மூடியே இருக்கிறது. நகம் உள்ளங்கையில் குத்துகிற அளவுக்கு இறுக்கம். ராத்திரி தூங்க விடுவதில்லை. கண்ணாடியில் கையை விரித்துக் காட்டினால் மூளை நம்பி அதையும் விரிக்குமாம்.

"மெதுவா விரிங்க அண்ணாச்சி" என்றாள். இடது கையை விரித்தேன். கண்ணாடியில் வலது கை அழகாக விரிந்தது. உள்ளே இருக்கிறது அப்படியே இறுகிக் கிடந்தது.

"எதையாவது பிடிச்சிருக்கற மாதிரி இருக்கா?"

"தெரியல" என்றேன்.

பிப்ரவரி 1

ஆபீசிலிருந்து கடிதம். மார்ச் ஆறாம் தேதி விசாரணை. நான் நேரில் வந்து வாக்குமூலத்தை உறுதிசெய்ய வேண்டும். செய்துவிட்டால் எனக்கு ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஏசுவடியான் அண்ணாச்சிக்கு வேலை போகும்.

அவர்தான் அந்த ஆபரேட்டர். அக்டோபரிலிருந்து சஸ்பெண்டில் இருக்கிறார். வருகிற ஜூனில் ரிட்டயர்டு ஆக வேண்டியவர்.

பதினேழு வருஷமாக எனக்கு அவர் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம். அந்தக் குரலை நம்பித்தான் கம்பியைத் தொடுவேன். எல்சியைத் திருப்பும்போது சொன்னதை எல்லாம் அவர் ஒரு தடவை திருப்பிப் படிப்பார். கடைசியில் ரூல் புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்பார். "கால் தரையிலயா வே?" நாம் 'தரையிலதான்' என்று சொன்னால்தான் போனை வைப்பார். அவர் கேட்பதைப் போலவே பேசிக் காட்டி நாங்கள் சிரிப்போம்.

பிப்ரவரி 2

வெங்காயம் உரிக்கப் பழகினேன். பலகையில் ஓர் ஆணி அடித்து, அதில் வெங்காயத்தைக் குத்தி வைத்து உரிக்க வேண்டும். பிரமுவின் யோசனை. கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. நல்லதுதான், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கொம்பையா வந்திருந்தான். என்னோடு பதினைந்து வருஷமாகக் கம்பம் ஏறுகிறவன். அன்றும் அவன்தான் கூட இருந்தான். மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவன், பிரமு டீ போட உள்ளே போனதும் பைக்குள்ளிருந்து நியூஸ்பேப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்தான்.

"அண்ணாச்சி, இது ஒங்க சாமான்."

பிரித்தால் என் பிளையர். கைப்பிடியில் நான் சுற்றிய சிவப்பு டேப்பும், இடுப்பில் மாட்டுவதற்குக் கட்டிய கயிற்று வளையமும் அப்படியே இருந்தன.

"எங்க கெடந்துச்சு?"

"கெடக்கல. கம்பத்து உச்சியில தொங்கிட்டு இருந்துச்சு, கிராஸ் ஆர்ம் போல்ட்டுல. ஒங்கள ஆம்புலன்ஸ்ல ஏத்துன பொறவு நான் ஏறி எடுத்துட்டேன். வேற எவனும் பாத்தா கேள்வி கேப்பான்லா."

பிளையரை மறுபடி பேப்பருக்குள் வைத்தேன்.

"நான் அடுத்த கம்பத்துல எர்த் ராடு கழத்திட்டு இருந்தேன்னு ஒங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். டீ வாங்கப் போயிருந்தேன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன். ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல." அவன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். "ஆனா அண்ணாச்சி..."

"என்னல?"

பிரமு டீயோடு வந்துவிட்டாள். "ஒண்ணுமில்ல. டீ ஜோரா இருக்கு மைனி" என்றான். இன்னும் குடிக்கவே இல்லை.

வேலை நடக்கும்போது யாராவது தெரியாமல் கரண்டை விட்டாலும் அது பூமிக்குப் போய்விட வேண்டும் என்று இரண்டு பக்கமும் ராடு மாட்டியிருப்போம். ராடைக் கழற்றுகிறான் என்றால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். லைனில் வேலை பார்த்த எவனுக்கும் இது தெரியும்.

பிப்ரவரி 9

பிளையரைப் பரணில் போட்டாயிற்று.

பிப்ரவரி 14

பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய கையெழுத்தை ஸ்கிரீனில் காட்டினார் கவுண்டரில் இருந்த தம்பி. போட்டோவில் இருக்கிறவன் போட்டது. என்ன ஒரு வேகம், கடைசியில் வால் போல ஒரு இழுப்பு. "சார், இத மாதிரி ட்ரை பண்ணுங்க" என்றார். இதை மாதிரி என்றால் எப்படி? செத்தவன் கையெழுத்தை நான் போட்டால் அது கள்ளக் கையெழுத்துதானே?

அபி மார்க்: பத்துக்கு ஆறு.

பிப்ரவரி 20, வெள்ளி

கொம்பையா மகள் கல்யாணம். விபத்துக்குப் பிறகு நான் போகிற முதல் கல்யாணம்.

முழுக்கை சட்டை போட்டு, வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டிருப்பதுபோல வெறும் கைத்துணியைச் செருகிக்கொண்டேன். பிரமு கைத்துணியை வெட்டி மடித்துத் தைத்துத் தருகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்கிறாள். நான்தான் விடவில்லை.

ஆபீஸ்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முதல் பந்தியில் நடுவில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளைக்குக்கூட அந்த மரியாதை இல்லை. இலையில் எல்லாம் விழுந்தது. ஸ்பூன் கொண்டுவர மறந்துவிட்டேன். இடது கையைச் சோற்றில் வைத்தேன். எதிர்ப் பந்தியில் ஒரு கிழவர் முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு கைத்துணியைப் பார்த்து, அவசரமாக அப்பளத்தை நொறுக்கினார்.

அப்போதுதான் பார்த்தேன். அதே எதிர்ப் பந்தியில் கடைசியில் ஏசுவடியான் அண்ணாச்சி. அவருக்கு இந்தப் பக்கம் இரண்டு இலை காலி. இடம் தேடி அலைந்தவர்கள்கூட அந்த இரண்டு இலையைப் பார்த்துவிட்டு அடுத்த பந்திக்குக் காத்திருக்கப் போனார்கள். மெலிந்துவிட்டார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது.

எனக்குப் பக்கத்தில் இருந்த யூனியன்காரர் பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "ஒழுங்கா ஒரு வார்த்த கேட்டுட்டுக் கரண்ட விட்டிருந்தா இந்த மனுசன் இன்னைக்கு எடது கையால திம்பாரா?"

அண்ணாச்சியின் கை சோற்றில் அப்படியே நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு அவியலைத் தின்றேன். பாயசம் வரைக்கும் தின்றேன். அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

கை கழுவிவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தொடை இடுக்கில் வைத்துத் திருகினாலும் மூடி வரவில்லை. யாரோ பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தார்கள். நிமிர்ந்தால் அவர்.

"சாப்புட்டீரா வே?"

"சாப்புட்டேன் அண்ணாச்சி."

"ஒண்ணு கேக்கலாமா? கோவப்படப்பிடாது."

"கேளுங்க."

சுற்றுமுற்றும் பார்த்தார். "அன்னைக்கு நான் கேட்டேனா?"

"என்னத்த?"

"கால் தரையிலயான்னு. முப்பத்தோரு வருசமா ஒருத்தன்ட்டயும் கேக்காம விட்டதில்ல. அன்னைக்கும் கேட்டேன், நீரும் தரையிலதான்னு சொன்னீருன்னுதான் எனக்கு ஞாவகம். ஆனா நீரு எல்சியே திருப்பலேங்குதீரு. நீரு பொய் சொல்லுத ஆளு இல்ல. அப்பம் எனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு." அவர் குரல் இறங்கியது. "வீட்டுக்காரி எஸ்தரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. காத பாத்தாச்சு, தலைக்கும் ஸ்கேன் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லேங்காங்க. ஒண்ணும் இல்லேன்னா நான் எப்படி வே அப்படிக் கேட்டிருப்பேன், சொல்லாத ஒண்ண?"

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எனக்கும் சரியா ஞாவகம் இல்ல அண்ணாச்சி."

"சரி. ஒடம்பப் பாத்துக்கிடும்." பாட்டில் மூடியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார். தரையில் வைத்தால் நான் குனிந்து எடுக்கச் சிரமப்படுவேன் என்று நினைத்திருப்பார்.

பிப்ரவரி 21

எழுதவில்லை.

பிப்ரவரி 22

மூடி இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது.

பிப்ரவரி 24

வீட்டில் யாரும் இல்லை. இல்லாத கை என்னத்தைப் பிடித்திருக்கிறது என்று எழுதிவிடுகிறேன். முதல் நாளிலிருந்தே தெரியும். பிளையரைத்தான்.

அன்று வேலை பதினொன்றே முக்காலுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. கொம்பையா அடுத்த கம்பத்தில் ராடு கழற்றிக்கொண்டிருந்தான். நான் கம்பத்தின் மேலே நின்றுகொண்டே போன் போட்டேன். அஞ்சு நிமிச மாசானத்தின் வழி இதுதான். எல்லோரும் இறங்கிவிட்டுப் போன் போடுவார்கள். நான் போன் போட்டுவிட்டு இறங்குவேன். ஆபரேட்டர் ரிஜிஸ்டரில் எழுதி, எழுந்து போய்க் கரண்டை விடுவதற்கு இரண்டு நிமிடமாவது ஆகும். அதற்குள் நான் கீழே வந்துவிடுவேன். என் கால் தரையில் படவும் தெருவில் லைட் எரியவும் சரியாக இருக்கும். சனங்கள் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலுக்காக எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது.

அவர் கேட்டார், "கால் தரையிலயா வே?"

"தரையிலதான் அண்ணாச்சி" என்றேன். முப்பதடி உயரத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

இரண்டு அடி இறங்கியிருப்பேன். இடுப்பைத் தொட்டால் பிளையர் இல்லை. மேலே போல்ட்டில் தொங்கியது. இறங்கிப்போய் மறுபடி எல்சி கேட்டிருக்கலாம். சாமானை மேலேயே மறந்து வைத்துவிட்டு வந்தான் மாசானம் என்று ஆபீசே சிரிக்கும். எட்டி எடுக்க எத்தனை நேரம் ஆகப் போகிறது? ஏறி, எட்டி, பிடித்தேன். முழங்கை கம்பியில் பட்டது. அதற்குள் கரண்டு வந்துவிட்டிருந்தது.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி யூனியன்காரர்கள் நின்றார்கள். "நீங்க எல்சி திருப்பல, அவருதான கரண்ட விட்டாரு?" என்று ஒருவர் கேட்டார். தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை எழுதி, என் இடது கட்டை விரலில் மை தடவி ஒற்றிக்கொண்டார்கள். மயக்கத்தில் சொன்னேன், பிறகு நானே அதை நம்பிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அதுவும் பொய். ஒரு நாள்கூட நம்பவில்லை.

ஏன் தலையை ஆட்டினேன் என்று நாலு மாதமாக யோசிக்கிறேன். ஸ்டோர் வேலைக்காக என்று சொன்னால் பிரமு நம்புவாள். ஆனால் அப்போது வேலையைப் பற்றி எவன் நினைத்தான்? கை போயிற்று, சரி. அந்த போட்டோவில் இருக்கிறவனாவது தப்பே செய்யாதவனாக முழுசாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவனைக் காப்பாற்ற ஏசுவடியான் அண்ணாச்சியின் தலைக்கு ஸ்கேன் எடுக்க வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 27

நஸ்ரினிடம் சொன்னேன், பிளையர் என்று. எந்த பிளையர், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "அப்ப கையில அத வச்சுட்டே பழகுவோம்" என்றாள். பரணிலிருந்து எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். பிடி, விடு, பிடி, விடு. இடது கை விட்டது. மற்றது விடவில்லை.

மார்ச் 2

பிரமுவிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம் அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது.

கல் பொறுக்குவதை நிறுத்தாமலே, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?" என்றேன்.

"ஐசியூல நாலு நாளும் 'தரையிலதான், தரையிலதான்'னு பெனாத்துனீங்க. நர்சு கூடக் கேட்டா, என்னக்கா இவரு தரையப் பத்தியே பேசுதாருன்னு. லைன்மேன் பொண்டாட்டிக்கு இது தெரியாதா?"

"அப்பம் ஏன்ட்டி ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லிருவீங்கன்னுதான் கேக்கல." முறத்தை டப்பென்று கீழே வைத்தாள். "நீங்க இத யார்ட்டயும் சொல்லிரக் கூடாதுன்னு வெள்ளிக்கெழம தவறாம அம்மனுக்கு வெளக்கு போட்டுட்டு வாரேன். ஸ்டோர் வேல போயிரும், தெரியும்லா? மெமோ குடுப்பான். ஊரே காறித் துப்பும். அபிய பள்ளிக்கூடத்துல ஒங்கப்பன் பொய்யன்னு சொல்லுவாங்க. அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"சொல்லத்தான் செய்வாங்க."

அவள் அழுதாள். இந்தத் தடவை நான் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் கல் பொறுக்கினேன். ரொம்ப நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "போன வாரம் எஸ்தரக்காவ மாவு மில்லுல பாத்தேன். என்னப் பாத்து மொகத்தத் திருப்பியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். அவ கிட்ட வந்து, தம்பிக்கு இப்பம் வலி தேவலையான்னு கேட்டா."

மார்ச் 4

ஹால் போட்டோவைக் கழற்றச் சொன்னேன். "எப்பா, அது நல்லாத்தான இருக்கு?" என்றாள் அபி. அவளிடம் நானே சொன்னேன், முழுவதையும். அவள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி நோட்டைத் திருத்தவில்லை.

மார்ச் 5

நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையின் வலது கைத்துணியைப் பிரமு வெட்டினாள். வெட்டி முடிக்கும் வரை துணியின் ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். மடித்துத் தைத்ததும் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு கை இல்லாத ஆள் நின்றான். பார்க்க அவ்வளவு மோசமில்லை.

நோட்டு என் தலையணை அருகில் இருந்தது. என் பெயரை முப்பது தடவை எழுதியிருந்த பக்கத்தில் சிவப்புப் பேனா. மார்க் போடவில்லை. 'மு' எல்லாவற்றையும் வட்டம் போட்டு, 'இது இப்ப சரியா வருது' என்று எழுதியிருந்தாள்.

மார்ச் 6, வெள்ளி

விடியற்காலை பிரமு கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். "இன்னைக்கு எதுக்குட்டி?" என்றேன். "சும்மாதான்" என்றாள்.

முன்பின்னாகத்தான் எழுத வருகிறது. முடிவை முதலில் எழுதுகிறேன். புது வாக்குமூலத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். கிளார்க் பழைய ஃபைலைப் புரட்டி, ஒத்துப்போகவில்லையே என்றார். "ஒத்துப்போகாது, இனிமேல் இதுதான்" என்றேன். எனக்கு மெமோ வரும். ஸ்டோர் வேலை இப்போதைக்கு இல்லை. வெளியே நின்ற யூனியன்காரர் என்னைப் பார்த்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் போனார். எனக்குப் பிறகு கொம்பையா உள்ளே போய், டீ வாங்கப் போனேன் என்று எழுதியது பொய் என்று சொல்லிவிட்டு வந்தான். அவனுக்கும் மெமோதான். "இன்னைக்குத்தான் அண்ணாச்சி டீ டீ மாதிரி இருக்கு" என்றான் கடையில்.

கை அப்படியேதான் இறுகிக் கிடக்கிறது. சொல்லிவிட்டால் திறந்துவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. இல்லை.

இப்போது உள்ளே நடந்ததை எழுதுகிறேன். சின்ன அறை. விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர். எதிர்ப்பக்கம் பெஞ்சில் ஏசுவடியான் அண்ணாச்சி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதிகாரி பழைய வாக்குமூலத்தை வாசித்துவிட்டு, "இது உங்களோடதுதானே?" என்றார்.

"ரேகை என்னோடது சார். சொன்னது பொய்."

சொன்னேன். போனை மேலே நின்று போட்டதையும், பிளையரையும், தலையாட்டியதையும். ஒன்றையும் விடவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணாச்சி நிமிரவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"எல்சியைத் திருப்பும்போது என்ன சொன்னீங்க? ரெக்கார்டுக்கு வேணும். அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல வரவில்லை.

"மாசானமுத்து பேசுதேன். பனையடிக்குளம் ஃபீடர், எல்சி நம்பர் நாப்பத்தேழு. வேல முடிஞ்சுது. ஆளும் சாமானும் எறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. லைன விடலாம்."

குனிந்தபடியே அண்ணாச்சியின் வாய் தானாக அசைந்தது. "எல்சி நாப்பத்தேழு. ஆளும் சாமானும் எறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. மணி பதினொண்ணு நாப்பது. எழுதிக்கிட்டேன்." முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கால் தரையிலயா வே?"

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தேன். மூன்று விரல் காலும் ஐந்து விரல் காலும் சிமெண்டுத் தரையில் பதிந்திருந்தன. தரை சில்லென்று இருந்தது.

"தரையிலதான் நிக்கேன் அண்ணாச்சி" என்றேன்.